எந்த வார்த்தையில தேடினீரு?

ஹைதராபாத்தில் யாரிடம் வழி கேட்டாலும் சொல்லிவிடுவார்கள், தெரியாவிட்டாலும் சொல்லிவிடுவார்கள். சொல்லவே சொல்லாத ஒரே மனிதர் எங்கள் ஆபீஸ் இண்டெக்ஸ் சார். ஸ்டேப்ளர் எங்கே என்று கேட்டால்கூட, "நீரு எந்த வார்த்தையில தேடினீரு?" என்று நோட்டை எடுத்துவிடுவார்.

அரசாங்கத் தொழிற்சாலையில் வரைபடக் கட்டுகளைக் கட்டி மேய்த்து ஓய்வு பெற்றவர். லோத்குண்டாவில் வீடு. நாற்பது வருஷ ஹைதராபாத் வாசம் அவருடைய திருநெல்வேலித் தமிழில் ஒரு கீறல்கூடப் போடவில்லை. எங்கள் கம்பெனி கிடங்குகளுக்கு சாஃப்ட்வேர் செய்கிறது. அதற்கு எண்ணூறு பக்கக் கையேடு எழுதிய மகானுபாவன் நான். அதில் எதைத் தேடினாலும் கிடைக்கவில்லை என்று ஊரே திட்டியதால், தேடல் பெட்டிக்கு இண்டெக்ஸ் போட இவரைக் கொண்டுவந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முதல் வாரம் மனிதர் கையேட்டைத் திறக்கவே இல்லை. பேன்ட்ரி டப்பாக்களுக்கு லேபிள் ஒட்டினார். ஒரே டப்பாவில் சீனி, சர்க்கரை, ஷக்கர், பஞ்சதார என்று நாலு பெயர். மறுவாரம் ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடம், கம்ப்யூட்டர் மக்கர் செய்தால் வாயில் என்ன வரும் என்று கேட்டு எழுதினார். இரண்டு பேர் சொன்னதை எழுத முடியாமல் பேனாவை மூடிவிட்டாராம். எங்கள் செக்யூரிட்டிக்காரர், "கம்ப்யூட்டர் நக்கோ போல்ரா" என்றார். மாட்டேன் என்கிறதாம். அதுவும் இண்டெக்ஸில் ஏறியது: 'நக்கோ, பார்க்க: அனுமதி மறுப்பு.'

இதெல்லாம் ஒரு இண்டெக்ஸா என்று சண்டைக்குப் போனேன்.

"நெஞ்சடைக்கிறவன் இருதயவியல்னா கத்துவான்? யம்மான்னுதான கத்துவான். அந்த யம்மாவ மொதல்ல எழுதி வைக்கணும்வே."

அந்த மாதம் சனத்நகர் தொழிற்சாலை ஒன்று, இன்னொரு புகார் வந்தால் ஒப்பந்தம் ரத்து என்றது. ஒப்பந்தம் போனால் கையேடு எழுதியவனும் போவான் என்று மேனேஜர் என்னிடம் தெளிவாகவே சொன்னார். அதே மூச்சில் நக்கோவைப் பார்த்து முகம் சிவந்து, இந்த மாதிரி வார்த்தைகளையெல்லாம் உடனே அழிக்கச் சொன்னார். கரும்பு தின்னக் கூலியா? எந்த மொழி வார்த்தையும் இண்டெக்ஸில் ஆங்கில எழுத்தில்தான் இருக்கும்; அந்த வரிசையில் ஆரம்பித்தேன். ஏ முதல் எஃப் வரை அழித்து முடித்தபோது சனத்நகரிலிருந்தே போன்.

ஸ்டோர்கீப்பர் எதையோ அமுக்கியதில் சரக்குப் பட்டியல் மொத்தமும் மறைந்துவிட்டது, வாசலில் லாரி நிற்கிறது. மேனேஜர் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். நான் கம்பீரமாகக் கையேட்டைத் திறந்தேன். அந்தப் பக்கத்துக்கு என்ன தலைப்பு வைத்தேன் என்பது எனக்கே மறந்துபோயிருந்தது. சட்டை நனைந்துவிட்டது.

அதற்குள் ஸ்பீக்கரில் ஸ்டோர்கீப்பர் குரல்: "டைரோ ஸாப். காயப் போல்கே டாலா மைன். மில் கயா." கிடைத்துவிட்டதாம்.

காயப், அதாவது காணோம் என்று தேடல் பெட்டியில் தட்டியிருக்கிறார். பட்டியலை மீட்கும் பக்கம் வந்து நின்றுவிட்டது. லாரி கிளம்பியது. காயப்புக்கு ஆங்கிலத்தில் முதல் எழுத்து ஜி. போன் ஐந்து நிமிஷம் தாமதித்திருந்தால் என் வேலைக்கு நானே கொள்ளி வைத்திருப்பேன்.

அழித்ததையெல்லாம் திரும்பப் போட்டுவிட்டு, அவரிடம் போய் உண்மையை ஒப்புக்கொண்டேன். கோபிப்பார் என்று பார்த்தால் நோட்டைத் திறந்தார்.

"வேர்த்து நின்னீருல்லா, அப்ப உம்ம வாயில என்ன வந்துச்சு?"

'செத்தேன்' என்றேன். எழுதிக்கொண்டார்.

இண்டெக்ஸ் முடிந்துவிட்டதால் இப்போது அவர் வேலைக்கு வருவதில்லை, லோத்குண்டா வீட்டில்தான் இருக்கிறார். என் போனில் அவருடைய எண் பல பெயர்களில் இருக்கிறது. செத்தேன், குழப்பம், யாருமில்லை, அப்பா. என்றைக்கு எனக்கு எந்த வார்த்தை வாயில் வரும் என்று யார் கண்டது? எதைத் தட்டினாலும் அவர் கிடைக்க வேண்டும்.