எட்டுக் கிலோ விசாரிப்பு

ஒழுங்காகத் தூக்கினால் போன் வராது. லிஃப்ட்காரரின் பிரச்சினை அவ்வளவுதான்.

வேலையில் இருந்த காலத்தில் ஊரில் பாதிக் கட்டடங்களின் லிஃப்டைப் பழுதுபார்த்தவர் அவர். ஓய்வு பெற்றபின் நாலாவது மாடி வீட்டில் தானும் இரண்டு நாற்காலிகளுமாக இருந்தார். மனைவி போனதிலிருந்து இரண்டாவது நாற்காலியில் பழைய செய்தித்தாள்கள் உட்கார்ந்திருந்தன. வெளியூரில் இருக்கும் மகன் ஞாயிறுதோறும் செல்போனில் ஒரு கட்டைவிரல் படம் அனுப்புவான். பதிலுக்கு இவரும் ஒரு கட்டைவிரல் அனுப்புவார். அந்த வாரத்துப் பேச்சு அத்தோடு முடிந்தது.

அப்போதுதான் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சி வந்தது. கெட்டில்பெல் என்கிற, கைப்பிடி வைத்த இரும்புக் குண்டை இரண்டு கால்களுக்கு நடுவிலிருந்து நெஞ்சு மட்டம் வரை வீசி ஆட்டினால் வயதானவர்களின் இதயமும் ரத்தக்குழாய்களும் எவ்வளவு தேறுகின்றன என்று பார்க்கிற ஆராய்ச்சி. லிஃப்ட்காரருக்கு எட்டுக் கிலோ குண்டு ஒன்றும், மணிக்கட்டில் கட்டிக்கொள்ள ஒரு பட்டையும் கிடைத்தன. பட்டை நாடித்துடிப்பை எண்ணி அங்கே அனுப்பிவிடும். ஒழுங்காகச் செய்யாதவர்களை நீக்கிவிடுவோம் என்று பேராசிரியர் சேர்க்கும்போதே கறாராகச் சொல்லியிருந்தார்.

லிஃப்ட்காரர் ஒழுங்காக வீசினார். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒருநாள் இடுப்புப் பிடித்துக்கொண்டது. அன்றைக்கு வீசவில்லை. மறுநாள் காலையே போன்.

"சார், ஆராய்ச்சிக் கூடத்துலேருந்து பேசறேன். நேத்து உங்க துடிப்பு எழுபதைத் தாண்டவே இல்லையே? உடம்பு சரியில்லையா?"

பெண் குரல். உடம்பு சரியில்லையா என்று அவரை யாராவது கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

"இடுப்புதாம்மா."

"தைலம் தேச்சீங்களா? சாப்பிட்டீங்களா?"

சாப்பிட்டதாகச் சொன்னார். அந்தப் பக்கம் வைத்த பிறகும் இவர் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

இரண்டே நாளில் இடுப்பு சரியாகிவிட்டது. லிஃப்ட்காரருக்கு அதில் மிகுந்த வருத்தம்.

வீசாமல் இருந்து பார்த்தார், போன் வந்தது. வீசிப் பார்த்தார், வரவில்லை. எந்தப் பொத்தானை அழுத்தினால் எந்த மாடியில் நிற்கும் என்று வாழ்நாள் முழுக்கப் பார்த்தவருக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. குண்டைக் கொண்டுபோய்க் கதவுக்கு முட்டுக்கொடுத்துவிட்டார்.

அதற்கப்புறம் போன் தினமும் வர ஆரம்பித்தது. காலையில் வந்தது சாயங்காலத்துக்கு மாறியது. எண்ணும் வேறு.

"நேரம் மாறிடுச்சு சார். இனிமே இந்த நம்பர்லதான் பேசுவேன்" என்றார் ஆராய்ச்சி அம்மா. அவருக்குப் பின்னால் ஏதோ விசில் அடித்தது. ஆராய்ச்சிக் கூடமென்றால் கொதிகலன் இருக்கத்தானே செய்யும் என்று லிஃப்ட்காரர் மரியாதையோடு நினைத்துக்கொண்டார்.

"இன்னைக்கு எப்படி சார் இருக்கு துடிப்பு?"

"அதை நீங்கதாம்மா சொல்லணும்."

"நீங்க சொல்லுங்க. அதுவும் ஆராய்ச்சியிலே சேர்த்திதான்."

பேச்சு துடிப்பில் தொடங்கும். அப்புறம் சுவர் ஓதம், கடைவாய்ப் பல், புது மூக்குக்கண்ணாடியில் படி இரண்டிரண்டாகத் தெரிவது என்று எங்கெங்கோ போய்விட்டு, "சரி சார், சாப்பிட்டுட்டுப் படுங்க" என்பதில் வந்து நிற்கும். மழை வந்தது, சுவர் ஊறியது, ஊறின சுவர் காய்ந்தும் விட்டது. போன் மட்டும் தவறவில்லை.

சந்தோஷம் அதிகமானால் லிஃப்ட்காரருக்குப் பயம் வந்துவிடும். இத்தனை நாளாகத் துடிப்பு ஏறவே இல்லையென்றால் பேராசிரியர் பெயரை அடித்துவிட மாட்டாரா? பெயர் போனால் போனும் போச்சு. சரி, வீசித் துடிப்பை ஏற்றலாமென்றால் அப்போதும் போன் நின்றுவிடும். ஆகவே துடிப்பு ஏறவும் வேண்டும், அது கோணல்மாணலாகவும் இருக்க வேண்டும்.

பட்டையை எடுத்துக்கொண்டு மூன்றாவது மாடி வக்கீலம்மாவிடம் போனார்.

"அண்ணே, இது சாட்சியத்தைத் திரிக்கிற வேலை. தெரியுதா?"

"ஒரு வாரம் கட்டிக்கம்மா, போதும்."

"அப்படி என்ன அவசியம் உங்களுக்கு?"

லிஃப்ட்காரர் வாசல் மிதியடியைப் பார்த்தார். "சாப்பிட்டியான்னு ஒருத்தங்க கேக்கறாங்கம்மா."

வக்கீலம்மா அதற்குமேல் குறுக்கு விசாரணை செய்யவில்லை. கையை நீட்டினார். "கட்டுங்க. எதிர்த்தரப்பு வக்கீல் வாயைத் திறந்தாலே எனக்கு உள்ளே குதிரை ஓடும்."

அன்று சாயங்காலம் போன் வந்தது.

"இன்னைக்கு எப்படி சார்?"

"கொஞ்சம் எகிறியிருக்குமே?"

"அட, ஆமாமா! ஏன் சார் அப்படி?"

காரணம் கேட்பார்கள் என்று லிஃப்ட்காரர் யோசித்துவைக்கவில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னார்.

"பெரிய குண்டுக்கு மாறிட்டேம்மா. இருபத்துநாலு கிலோ."

"இருபத்துநாலா! இந்த வயசுலயா! அதை நான் பார்த்தே ஆகணும் சார். வெள்ளிக்கிழமை வரட்டுமா?"

"வாங்க" என்றது வாய். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. நேரடிச் சோதனைக்கே வருகிறார்கள்!

கையில் இருப்பது எட்டு. மேற்கொண்டு பதினாறு வேண்டும். லிஃப்ட் கூண்டுக்கு எதிர்ப்பாரமாகப் பின்னால் ஒரு சட்டத்தில் இரும்புக் கட்டிகள் அடுக்கியிருக்கும். கூண்டு ஏறினால் அவை இறங்கும், கூண்டு இறங்கினால் அவை ஏறும். அதில் ஒரு கட்டி குறைந்தால் ஒன்றும் ஆகிவிடாது என்பது அவருடைய தொழில்முறை அபிப்பிராயம். கட்டடத்தில் எல்லோரும் வேலைக்குப் போயிருந்த மத்தியான நேரமாகப் பார்த்து, பழைய சாவியால் திறந்து பதினாறு கிலோவுக்கு ஒத்துவருகிற ஒரு கட்டியைக் கழற்றிக்கொண்டார். வீட்டுக்குக் கொண்டுவந்து, குண்டோடு சேர்த்துக் கயிற்றால் கட்டி வீசிப் பார்த்தார். குண்டு இருந்த இடத்திலேயே இருந்தது. அவர்தான் முன்னால் போய் அலமாரியில் முட்டிக்கொண்டு நின்றார்.

நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தபோது லிஃப்டின் அபாய மணி அலறியது.

இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவே லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே ஒரு கட்டு வழக்குப் புத்தகங்களோடு வக்கீலம்மா.

"அண்ணே! நீங்கதானே லிஃப்ட்காரர்! என்னன்னு பாருங்க!"

"ஒண்ணும் இல்லம்மா. எடைதான் கொஞ்சம் சரியில்லை."

"யார் எடை? என் எடையா?"

"ஐயோ, லிஃப்ட் எடைம்மா."

"வெளியே வந்ததும் இந்தக் கட்டடத்து மேலேயே கேஸ் போடறேன் பாருங்க!"

வக்கீலம்மா கையில் கட்டியிருந்த பட்டை காட்டிய துடிப்பை அந்த நேரத்தில் பேராசிரியர் பார்த்திருந்தால் ஆம்புலன்ஸோடு ஓடிவந்திருப்பார்.

லிஃப்ட்காரர் மொட்டைமாடி எந்திர அறைக்கு ஓடி, சக்கரத்தைக் கையால் சுற்றிக் கூண்டைக் கீழே இறக்கினார். வீட்டுக்கு ஓடி, கட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். முடிச்சு அவிழாததால் குண்டும் கூடவே வந்தது. இருபத்துநாலு கிலோவையும் மார்போடு அணைத்தபடி, மூச்சு வாங்க, கட்டடச் செயலாளரின் எதிரிலேயே போய் நின்றார்.

செயலாளர் கட்டியைப் பார்த்தார். குண்டைப் பார்த்தார். முடிச்சையும் பார்த்தார்.

"நாளைக்குக் காலையிலே உங்க வீட்டுல ஒரு துண்டு இரும்பு இருக்கக் கூடாது."

"ஆணி?"

"சுவத்துல இருக்கறது இருந்துட்டுப் போகட்டும்!"

மறுநாள் வியாழக்கிழமை. குண்டை எங்கே ஒளித்துவைப்பது என்று லிஃப்ட்காரர் யோசித்துக்கொண்டிருந்தபோதே வாசலில் ஒருவர் வந்து நின்றார். கழுத்தில் பல்கலைக்கழக அடையாள அட்டை. லிஃப்ட் ஓடாததால் சட்டை முழுக்க வியர்வை.

"சார், உங்ககிட்ட இருக்கற கெட்டில்பெல்லையும் பட்டையையும் வாங்கிட்டு வரச் சொன்னாங்க. எல்லாரும் திருப்பிக் குடுத்தாச்சு, உங்களது ஒண்ணுதான் பாக்கி."

விஷயம் பேராசிரியர் வரைக்கும் போய்விட்டது என்று லிஃப்ட்காரருக்குப் புரிந்துபோனது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, உள்ளே வாங்க. உக்காருங்க."

உட்காரச் சொன்னாரே ஒழிய, இரண்டாவது நாற்காலியிலிருந்த செய்தித்தாள்களை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அவற்றைக் கையில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். குண்டை வீசாததைச் சொன்னார், வக்கீலம்மாவின் கையைச் சொன்னார், இருபத்துநாலு கிலோவையும் சொன்னார்.

"தப்புதான் தம்பி. பேராசிரியர் கால்ல வேணாலும் விழறேன். இன்னைக்கு ஒரு நாள் மட்டும் குண்டை விட்டுட்டுப் போங்க. நாளைக்கு அந்தம்மா வர்றாங்க. வந்து பார்க்கறப்போ இது இங்கே இல்லேன்னா, அப்புறம் எனக்கு போன் வராது."

வந்தவர் அவரையே பார்த்தார். "எந்தம்மா சார்?"

"உங்க ஆராய்ச்சிக் கூடத்து அம்மாதான். தினம் சாயங்காலம் கூப்பிட்டுத் துடிப்பு கேக்கறாங்களே!"

"எங்க கூடத்துலேருந்தா?"

அந்த நேரம் பார்த்து மேஜைமேல் செல்போன் அடித்தது. காலையிலேயே அடிக்கிறதென்றால் நீக்கிவிட்டோம் என்று சொல்லத்தான் இருக்கும். லிஃப்ட்காரர் போன் பக்கம் திரும்பவே இல்லை. செய்தித்தாள்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வந்தவர் குனிந்து, ஒளிர்ந்துகொண்டிருந்த எண்ணைப் படித்தார். தன் போனை எடுத்து அதில் எதையோ தேடினார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்த்தார்.

"இவங்களா? ஆராய்ச்சி முடிஞ்ச அன்னைக்கே இவங்களும் ரிட்டயர் ஆயிட்டாங்களே சார், மூணு மாசம் ஆச்சே!"