கண்டனத்தில் நடுப்பகுதி காணோம்

நான் எழுதிய கண்டனக் கடிதம் பாராட்டுக் கடிதமாக அச்சாகிவிட்டது.

அச்சுப் பிழை என்று நினைக்காதீர்கள். ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. அச்சானது அத்தனையும் நான் எழுதியதுதான். அதுதான் வயிற்றெரிச்சல்.

கோயமுத்தூரிலும் சுற்றுப்பட்டிலும் இருக்கிற வெளியுறவுத் துறை ஓய்வுக்காரர்கள் சேர்ந்து ஒரு வட்டம் வைத்திருக்கிறோம். தூதரகம் என்றால் தூதர் கையெழுத்துப் போடுவார். மற்ற வேலையை மற்றவர்கள் செய்வார்கள். அந்த மற்றவர்கள் நாங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை 'வட்டச் செய்தி' என்று ஒரு பத்திரிகை வரும். முதல் பக்கத்தில் யார் போய்ச் சேர்ந்தார். அடுத்த பக்கத்தில் யாருக்கு முட்டி மாற்றினார்கள். அப்புறம் பேரன் பேத்தி கல்யாணம். கடைசியில் 'மறக்க முடியுமா' என்று ஒரு நினைவுக் கட்டுரை. மறந்துபோனவர்கள்தான் அதில் எழுதுவார்கள்.

ஒரு இதழில் அதை எழுதியவர் மாரப்பன். கிணத்துக்கடவில் தென்னந்தோப்பு வைத்திருக்கிறார். மங்கோலியாவில், உலான்பாத்தர் தூதரகத்தில் என்னோடு வேலை பார்த்தவர். கட்டுரை, அங்கே குடியரசு தினத்தன்று கொடி உறைந்த கதை.

கதை உண்மை. துப்பினால் கல்லாக விழுகிற குளிர். தூதர் கயிற்றை இழுக்கிறார். மேலே முடிந்து வைத்த கொடி அவிழவில்லை. கயிறும் கப்பியும் ஒன்றாக உறைந்துபோய்விட்டன. பத்து நாட்டு விருந்தாளிகள் அண்ணாந்து பார்க்கிறார்கள். அப்போது ஒருவன் சமையலறைக்கு ஓடினான். விருந்துக்குக் கொதித்துக்கொண்டிருந்த ரசத்தைக் கெட்டிலில் ஊற்றித் தூக்கிவந்தான். ஏணியில் ஏறிக் கப்பியில் ஊற்றினான். சூடும் உப்பும் சேர்ந்து பனி விட்டுக்கொடுத்தது. கொடி பறந்தது. கொடியில் ஒரு சொட்டு ரசம் படவில்லை.

அந்த ஒருவன் நான்.

மாரப்பன் எழுதியிருந்தார்: 'நான் ஏணியில் ஏறினேன்.'

ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற ஆள் அவர்! அதையும் ஒழுங்காகப் பிடிக்கவில்லை. ஆடியது.

என் சர்வீஸில் நான் எந்தப் போரையும் நிறுத்தவில்லை. எந்த ஒப்பந்தத்திலும் என் பெயர் கிடையாது. விசா முத்திரை குத்தினேன். தூதருடைய பெட்டி விமானத்தில் ஏறியதா என்று பார்த்தேன். பேரப்பிள்ளைகளிடம் சொல்லிக்கொள்ள என்னிடம் இருப்பது அந்த ஒரு கெட்டில் ரசம். அதையும் ஒருத்தர் வழித்துக் குடித்துவிட்டால்?

"ரெபேக்கா!" என்று கத்தினேன். ரெபேக்கா என் மனைவி.

"வாரனுங்க. மூணாவது விசில் வரட்டும்."

"என்ற வாழ்க்கையவே ஒருத்தன் திருடிப்போட்டான். உனக்கு விசிலா முக்கியம்?"

"திருடுனவரு கிணத்துக்கடவுலதானுங்க இருக்கறாரு. எங்க போயிருவாரு? பருப்பு கொழஞ்சுபோயிருமுங்க."

மூன்றாவது விசிலுக்கு அப்புறம் வந்தாள். கண்ணாடியைத் துடைத்தாள். நிதானமாகப் படித்தாள்.

"மாரப்பண்ணன் நல்லாத்தான் எழுதியிருக்கறாங்க."

"நல்லாவா? ஏறுனது நானு!"

"எனக்குத் தெரியாதுங்களா? ஒரு போனப் போட்டு, 'ஏனுங்க மாரப்பன், மறந்துபோட்டீங்களா'ன்னு கேட்டா முடிஞ்சுது."

"போன்ல கேக்கறதுக்கு இது என்ன பால் பாக்கெட்டா? கண்டனம் எழுத்துலதான் போகோணும். அதுதான் மொறை."

"வேண்டாமுங்க. அந்தக் குளிருல எனக்குப் பேச்சுத் தொணைன்னு இருந்தது பாவாத்தா ஒருத்திதான். நீங்க அவிய ஊட்டுக்காரரத் திட்டி நாலு பேரு படிக்கற மாதிரி எழுதுனா, நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவகூடப் பேசறது?"

"இந்த மூஞ்சியவே வெச்சுக்க" என்றேன். பேனாவை எடுத்தேன்.

எங்கள் உத்தியோகத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு நாட்டுத் தூதரகம் இன்னொரு நாட்டைத் திட்டி எழுதினாலும் முதல் பத்தியில் வணக்கம் இருக்கும். கடைசிப் பத்தியில் மதிப்பு இருக்கும். அடி எல்லாம் நடுவில். எல்லையில் துப்பாக்கிச் சூடு நடந்தாலும் இதே கதைதான். மூன்று தூதர்களுக்கு நான் இப்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன். மாரப்பனுக்கு மட்டும் குறை வைப்பேனா?

முதல் பத்தி: 'வட்டத்தின் மூத்த உறுப்பினர் பாக்கியசாமி, மதிப்பிற்குரிய மாரப்பன் அவர்களுக்குத் தம் மனமார்ந்த வணக்கங்களைத் தெரிவித்துக்கொள்கிறார். அன்னாரின் கட்டுரையை மிகுந்த கவனத்துடன் படித்ததையும் தெரிவிக்கும் பேறு பெற்றார்.'

கடைசிப் பத்தி: 'மாரப்பன் அவர்கள்மீது தாம் கொண்டுள்ள மிக உயர்ந்த மதிப்பை மீண்டும் ஒருமுறை உறுதி செய்ய இந்த வாய்ப்பைப் பயன்படுத்திக்கொள்கிறார்.'

நடுவில் நாலு பக்கம். ஏறியது யார், பிடித்தது யார், ஆட்டியது யார். போகிற போக்கில், இரவல் வாங்கிய என் கம்பளிக் குல்லாவைத் திருப்பித் தராததையும் சேர்த்தேன். 'உடனடியாக மறுப்பு வெளியிட வேண்டும்' என்று முடித்தேன். படித்துப் பார்த்தேன். எனக்கே பயமாக இருந்தது.

எனக்குக் கைபேசியில் எழுத வராது. சர்வீஸில் டைப்பிஸ்ட் இருந்தார். இப்போது ரெபேக்கா. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒற்றை விரலால் தட்டினாள். நடுநடுவே சந்தேகம் வேறு கேட்டாள்.

"ஏனுங்க, 'புளுகர்'னு இருக்குதுங்களா, 'பெரும்புளுகர்'னுங்களா?"

"பெரும்."

"குல்லா என்ன கலருங்க?"

"பழுப்பு. போடு."

"சரிங்க."

ஒரு மணி நேரம் கழித்து, "ரியாஸ் அண்ணனுக்கு அனுப்பிப்போட்டனுங்க" என்றாள். முகமது ரியாஸ் குனியமுத்தூர்க்காரர். பத்திரிகையைத் தயாரிப்பவர் அவர்தான். நான் அன்று நன்றாகத் தூங்கினேன்.

இதழ் வந்தது. பிரித்தேன். முதல் பத்தி இருந்தது. அதன் கீழே கடைசிப் பத்தி இருந்தது. சுற்றிப் பூ வேலை செய்த கட்டம். மேலே பெரிய எழுத்தில் தலைப்பு: 'இதுவன்றோ பெருந்தன்மை!'

"ரெபேக்கா!"

இந்த முறை குக்கர் அடுப்பில் இல்லை. உடனே வந்தாள்.

"நடுப்பக்கம் நாலும் எங்க?"

"எடமில்லீன்னு ரியாஸ் அண்ணன் சொன்னாருங்க. இந்த வாட்டி ரெண்டு பேரு தவறிட்டாங்க. முட்டி வேற மூணு. சுருக்கிக் குடுங்கம்மான்னாரு. சுருக்கிப்போட்டேன்."

"சுருக்கறதுன்னா இப்படியா?"

"மொதப் பத்தியையும் கடைசிப் பத்தியையும் ஆரும் தொடவே கூடாது, அதுதான் மொறைன்னு நீங்கதானுங்க சொல்லுவீங்க. நான் தொடலீங்க. ஒரு எழுத்து மாத்தலீங்க."

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். போன் அடித்தது. திருப்பூரிலிருந்து ஒருவர். "சார், நம்ம கூட்டத்துல ஒருத்தரை இன்னொருத்தர் பாராட்டிப் பார்த்ததே இல்லை. கண் கலங்கிவிட்டது." வைத்தேன். மறுபடி அடித்தது. அன்று முழுக்க அடித்தது. நான் பெருந்தன்மையானவன் என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்துவிட்டார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில், "ரியாசுக்கு நானே போய் நடுப்பக்கத்தக் குடுத்துட்டு வாரேன்" என்று சட்டையை மாட்டினேன்.

"ஞாயித்துக்கெழம பூசைக்குப் போகாம குனியமுத்தூருக்கா போறீங்க?" என்றாள். பூசைக்குப் போனேன். பகைவரை மன்னியுங்கள் என்று சாமியார் பிரசங்கம் வைத்தார். அவரும் வட்டச் செய்தி படிக்கிறாரோ என்று சந்தேகம் வந்தது.

திரும்பி வந்தால் வாசலில் ஒரு கார். டிக்கி நிறையத் தேங்காய். அதன் பக்கத்தில் மாரப்பனும் பாவாத்தாளும்.

பாவாத்தாள் நேராக ரெபேக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மாரப்பன் என் கையைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை.

"ஏனுங்க பாக்கியசாமி, எனக்கு மூணு நாளாத் தூக்கமில்லீங்க."

"எனக்கும்தான்" என்றேன்.

"என்மேல இத்தன மதிப்பு வெச்சிருப்பீங்கன்னு நான் கனவுலயும் நெனைக்கலீங்க. அந்தக் கொடி வெசயத்துல ஏறுனது நீங்க. எனக்குத் தெரியுமுங்க. கல்யாண ஊட்டுல, காடு கரையில, நாப்பது வருசமா அந்தக் கதையச் சொல்லிச் சொல்லி, ஏணியப் புடிச்சேன்னு சொன்னா ஆரும் கேக்க மாட்டீங்கறாங்களேன்னு, ஒரு நாளு ஏறிப்போட்டனுங்க. அப்பறம் எறங்கவே முடியல."

பிடித்த கையை இன்னொரு குலுக்குக் குலுக்கினார்.

"பொஸ்தகம் வந்ததும் பயந்துகிட்டேதான் பிரிச்சேன். பாக்கியசாமி கிழி கிழின்னு கிழிச்சிருப்பாருன்னு நெனச்சேன். ஒரு வார்த்த கேக்கலியேங்க நீங்க! ஒரே ஒரு வார்த்த!"

நாலு பக்கம் கேட்டிருந்தேன். என் சட்டைப் பையில்தான் மடித்து வைத்திருந்தேன். குனியமுத்தூருக்காக எடுத்து வைத்தது.

"மாரப்பன், உண்மையச் சொல்லோணும்னா..."

"காப்பி ஆறுதுங்க" என்றாள் ரெபேக்கா. எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. அவர் முதுகுக்குப் பின்னால் தட்டோடு நின்றாள். என் சட்டைப் பையைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

காப்பியைக் குடித்தேன்.

"கேட்டிருந்தீங்கன்னா நானும் வம்புக்கு நின்னிருப்பனுங்க" என்றார் மாரப்பன். "நான்தான் ஏறுனேன்னு சத்தியமே பண்ணியிருப்பேன். கேக்காம உட்டுப்போட்டீங்க பாருங்க, அதுதானுங்க என்னையக் கொன்னுபோடுச்சு. அடுத்த பொஸ்தகத்துல திருத்தம் போட்டர்றேன். அம்மணி, எழுதிக்கறீங்களா?"

ரெபேக்கா ஏற்கெனவே கைபேசியோடு உட்கார்ந்திருந்தாள்.

"ஏணியில் ஏறிக் கொடியைக் காப்பாற்றியவர் பாக்கியசாமி" என்று மாரப்பன் சொல்லச் சொல்ல, அவள் ஒற்றை விரலால் தட்டினாள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "பனியில வழுக்கி உளுந்து, கால் சுளுக்கி, நாங்க நாலு பேரு தூக்கிட்டுப் போனதையுஞ் சேத்துக்குங்க அம்மணி. முழுசா இருக்கட்டும்."

"அது வேண்டாம்" என்றேன்.

"எடமிருக்குதுங்க" என்றாள் ரெபேக்கா.

திருத்தம் அடுத்த இதழில் வந்தது. முதல் பக்கத்தில், முழுசாக. இப்போது ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாரப்பனும் பாவாத்தாளும் மதியச் சாப்பாட்டுக்கு வருகிறார்கள். அவரோடு சண்டை போட எனக்கு வேறு பல காரணங்கள் கைவசம் இருந்தன. எல்லாம் வீண். பெருந்தன்மையானவன் எப்படிச் சண்டை போடுவது?

ரியாஸ் போனில் கூப்பிட்டார். "சார், நம்ம பத்திரிகையில தான் எழுதினது தப்புன்னு இதுவரைக்கும் ஒருத்தர் ஒத்துக்கிட்டதில்லை. மாரப்பனை எப்படி சார் வழிக்குக் கொண்டுவந்தீங்க? என்ன ராஜதந்திரம்! யார்கிட்ட சார் கத்துக்கிட்டீங்க? எந்தத் தூதர்கிட்ட?"

சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். அவர் விடவில்லை.

"தூதர் கீதர் யாரும் இல்லை" என்றேன். "ரெபேக்கா."