கொம்பு எடுப்பு விழா

உலகில் வசந்தம் முறைப்படி நடைபெறும் இடங்கள் இரண்டு. ஒன்று பிரான்ஸ் தேசம். மற்றொன்று, உடையார்பாளையத்தைத் தாண்டி முந்திரிக் காட்டுக்குள் இடப்பக்கம் திரும்பினால் வரும் 'பிரபஞ்சா உயிராற்றல் லாவெண்டர் பண்ணை'. மற்ற ஊர்களில் பங்குனி மாதம் வெயில் அடிக்கிறது. அங்கே மட்டும் வசந்தம், அதுவும் நுழைவுச் சீட்டுடன்.

நிறுவனர் திரு. பிரேம்குமார் பெங்களூரில் கணினி வேலையை உதறிவிட்டு மண்ணைத் தேடி வந்தவர். மண் கிடைத்த பிறகு அதைக் கையால் தொடாமல் மிகுந்த மரியாதையோடு நடத்திவருகிறார். கார்த்திகையில் அவர் நட்ட லாவெண்டர் நாற்றுகள் எல்லாம் மாசிக்குள் கருகிவிட்டன. ஆனால் நல்லவர்களை இயற்கை கைவிடுவதில்லை. அதே பாத்திகளில் பேய்மிரட்டிச் செடி தானாக முளைத்து, ஊதா நிறத்தில் பூத்துத் தள்ளியது. வந்தவர்கள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் வளர்ந்தால் அது களை. இந்தப் பக்கம் வளர்ந்தால் லாவெண்டர். ஒரு கம்பி வேலியால் இவ்வளவு சாதிக்க முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

பண்ணையின் பெருவிழா பங்குனியில் நடக்கும் கொம்பு எடுப்பு. செத்த பசுவின் கொம்பில் சாணத்தை அடைத்து ஐப்பசியில் புதைப்பார்கள். பங்குனியில் தோண்டி எடுக்கும்போது சாணம் தன் பழைய குணத்தை விட்டுவிட்டு 'ஆற்றல்' ஆகியிருக்கும். விழாவுக்கு நானும் ஊர்ப் பிரமுகராக அழைக்கப்பட்டிருந்தேன். பிளாஸ்டிக் நாற்காலிகள் என் வாடகைக் கடையிலிருந்து போயிருந்தன.

அன்று காலை ஒரு விபரீதம் நடந்தது. பக்கத்துக் கொல்லைக்காரி கலியம்மாளின் செவலைப் பசு, கன்று போட்டு ஒரு வாரம்கூட ஆகாதது, வேலிச் சந்தில் புகுந்து உள்ளே வந்துவிட்டது. வேலியோரம் இருந்த அருகம்புல்லைத்தான் மேய்ந்தது. ஆனாலும் அதைப் பிடித்து, கார் நிறுத்துமிடத்துக் கம்பத்தில், வெயிலில் கட்டிப்போட்டார்கள். உடனே பந்தலில் அவசரக் கூட்டம் கூடியது. பிரேம்குமார் தலைமை தாங்கினார். 'நறுமண இயக்குநர்' ஆகிய அவர் மனைவி பரிமளா முன்னிலை வகித்தார். நாற்காலிகளின் சார்பில் நான் கலந்துகொண்டேன்.

கலியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி ஓடிவந்தாள்.

"தப்புதாங்க சார். இனிமே வராம பாத்துக்கறேன். அவுத்து வுட்டுடுங்க. கன்னுக்குட்டி காலையிலேர்ந்து வாய் வைக்கல, கத்திக்கிட்டே கெடக்கு."

பிரேம்குமார் கோபப்படவில்லை. அவர் கோபமே படமாட்டார். கண்களை மூடித் திறந்தார்.

"அம்மா, இன்னிக்கு என்ன நாள்?"

"செவ்வாய்க்கெழமைங்க."

"நம்ம பண்ணைப் பஞ்சாங்கப்படி இன்னிக்கு வேர் நாள். எதுவும் இருக்கிற எடத்துலயே இருக்கணும். நாளன்னிக்கு மலர் நாள். அன்னிக்கு விடுவிச்சா பசுவுக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது."

"நாளன்னிக்கா? மடி கட்டிக்குமேங்க! கன்னுக்குட்டிக்கு வேர் நாள்லாம் தெரியாதுங்களே."

"சொல்லிக் குடுங்க" என்றார் பரிமளா, கனிவோடு.

"திருமழபாடியில நந்திக்கே கல்யாணம் பண்ணிப் பாக்குற மாசம்ங்க இது. இந்த மாசத்துல பச்ச ஒடம்புக்கார மாட்டப் பட்டினி போடலாமாம்மா?"

"அருமை! இத மைக்ல சொல்லணும்" என்று பரிமளா குறித்துக்கொண்டார். பசு அவிழ்க்கப்படவில்லை.

விழா தொடங்கியது. தோண்டி எடுத்த கொம்புகளை மஞ்சள் பட்டில் கிடத்தி, சாமந்தி மாலை சூட்டி, பன்னீர் தெளித்தார்கள். பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்த விருந்தினர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு விழுந்து கும்பிட்டார்கள். ஒரு பெண்மணி கொம்பைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "பசுதான் பிரபஞ்சத்தின் தாய்" என்று தேம்பினார். கம்பத்தடியில் இருந்த தாய், நாக்கு வறண்டு, மடியிலிருந்து பால் சொட்டச் சொட்ட நின்றது. அதன் கொம்புகள் இரண்டும் இன்னும் தலையிலேயே இருந்ததால், விதிப்படி அதற்கு எந்த மரியாதையும் செய்ய இடமில்லை.

காவலாளி அய்யாக்கண்ணு மட்டும் ஒரு தவறு செய்தார். விருந்தினர்கள் கால் கழுவ வைத்திருந்த ரோஜா இதழ் போட்ட தண்ணீரை, அண்டாவோடு இழுத்துக்கொண்டு போய்ப் பசுவின் முன் வைத்துவிட்டார். இதழ் உட்பட அது குடித்து முடித்தது.

பிரேம்குமார் மைக்கைப் பிடித்தார். "எல்லாரும் கண்ண மூடுங்க. ஆற்றல் எறங்குது. நம்மள இறுக்கிக் கட்டியிருக்கிற கட்டெல்லாம் அவிழட்டும்! அவிழட்டும்! அவிழட்டும்!"

எல்லாரும் கண்ணை மூடினார்கள். நாற்காலிகளைக் கணக்குப் பார்க்க வேண்டியிருந்ததால் நான் மூடவில்லை. அவர்கள் கண் திறந்தபோது கம்பத்தில் கயிறு மட்டும் தொங்கியது. முந்திரிக் காட்டுப் பாதையில் புழுதி. அந்தப் புழுதிக்குள்ளிருந்து ஒரு 'ம்மா'. சற்று நேரத்தில் தூரத்திலிருந்து இன்னொரு 'ம்மா', சின்னக் குரலில். கலியம்மாள் அங்கிருந்தே திருமழபாடி இருக்கும் திசை நோக்கிக் கும்பிட்டுவிட்டு, செருப்பைக்கூட எடுக்காமல் பின்னால் ஓடினாள்.

"யார் அவிழ்த்தது?"

"நாந்தாங்க சார்" என்றார் அய்யாக்கண்ணு.

"யார் சொல்லி?"

"நீங்கதான சார் மைக்ல சொன்னீங்க, கட்டெல்லாம் அவிழட்டும்னு. மூணு தரம் சொன்னீங்க. அவசரம்போலன்னு ஓடிப்போய் அவுத்துட்டேன்."

"யோவ், அது மனசுல இருக்கிற கட்டு!"

"எனக்குத் தெரிஞ்சு இங்க கட்டுனு இருந்தது அது ஒண்ணுதாங்க."

விருந்தினர்களில் யாரோ கைதட்டினார். நிகழ்ச்சியின் ஒரு பகுதி என்று நினைத்திருக்க வேண்டும். அன்று மாலையே அய்யாக்கண்ணுவின் வேலைக் கட்டும் அவிழ்த்துவிடப்பட்டது. அதற்கு மலர் நாள் பார்க்கவில்லை. மறுநாளிலிருந்து கலியம்மாள் அவர் வீட்டுக்கு ஒரு செம்பு பால் கொண்டுபோய் வைக்கிறாள் என்று கேள்வி. அதில் ஆற்றல் இருக்கிறதா என்று யாரும் சோதித்ததாகத் தெரியவில்லை.

ஆகவே, இந்தப் பண்ணையில் பசுவுக்கு மதிப்பில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பட்டு உண்டு, மாலை உண்டு, பன்னீர் உண்டு, படித்தவர்களின் கண்ணீரும் உண்டு. பசு செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். செத்துப்போய், கொம்பை மட்டும் அனுப்பிவைக்க வேண்டும்.