கணக்கு ரீச்சரும் மூன்று வாக்குச்சீட்டும்

கணக்குப் படிப்பிக்கிற ஒருத்திக்கு ஒன்றிலிருந்து எழுபது வரை ஒழுங்காக எழுதத் தெரியாது என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள். நானும் நம்பியதில்லை, எழுபதுகளின் நடுவில் ஒரு சனிக்கிழமை, சிட்னியில் மூன்றாவது வாக்குச்சீட்டுக்குக் கை நீட்டும் வரைக்கும்.

யாழ்ப்பாணத்தில் நான் ஏழு வருடம் கணக்கு ரீச்சர். சிட்னியின் பிளாக்டவுனுக்கு வந்தபின் பிஸ்கற் பக்டரியில் தகரப் பெட்டிக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு வருடமாக விண்ணப்பம் அனுப்பி அனுப்பி, கடைசியில் ஒரேயொரு பள்ளிக்கூடம் நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருந்தது, வருகிற திங்கட்கிழமைக்கு. இதுவும் தவறினால் ஆயுள் முழுக்க மூடிதான் என்ற பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதற்கு இரண்டு நாள் முன்னால் தேர்தல் வந்து விழுந்தது.

இந்த நாட்டில் வாக்குப் போடாவிட்டால் தண்டம் கட்டவேண்டும். கொமன்வெல்த் நாட்டிலிருந்து வந்தவர்கள் ஆறு மாதம் இருந்தாலே பட்டியலில் ஏறவேண்டும். அதனால் ஒரு சனமும் வீட்டில் நிற்காது. (ஊரில் கட்சிக்காரர் கார் அனுப்பினால்தான் எங்கள் சித்தப்பா படலையைத் திறப்பார்.) எங்கள் தெரு முழுக்கத் தொழிலாளர் கட்சியின் பக்கம். ரயில்வேயில் வேலை செய்த என் கணவரும் அதே பக்கம். நான் ஒரு கிழமை பேப்பர் வாசித்து மற்றப் பக்கம்தான் சரியென்று முடிவெடுத்திருந்தேன். இதனால் வீட்டில் மூன்று நாள் கதை பேச்சில்லை.

நேர்முகத்துக்குக் கூப்பிட்ட பள்ளிக்கூடத்திலேயே வாக்குச்சாவடியும் இருந்தது. “திங்கட்கிழமைக்கு வழி பார்த்த மாதிரியும் இருக்கும்” என்று இவர் அங்கேயே கூட்டிக்கொண்டு போனார். வாசலில் கட்சிக்காரர்கள் ஆளுக்கொரு அட்டை நீட்டினார்கள். எந்தப் பெயருக்கு எந்த இலக்கம் போடவேண்டும் என்று அதில் முழுதாக அச்சடித்திருந்தது. இவர் ஒன்றை வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

“இதென்னத்துக்கு?”

“இதைப் பார்த்து அப்பிடியே எழுதினாச் சரி. அஞ்சு நிமிசம்.”

“ஹோலுக்குள்ள கொண்டுபோய்ப் பார்த்து எழுதிறதோ? சீ! அது கொப்பியடிக்கிறதெல்லோ?”

“எல்லாரும் அப்பிடித்தானப்பா செய்யினம்.”

“என்ர வகுப்பிலயும் பிடிபட்டதுகள் எல்லாம் இதைத்தான் சொன்னதுகள்!”

எனக்குத் தந்த அட்டையைத் தந்தவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, தலையை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போனேன். (அந்த நிமிர்வை இப்போது நினைத்தாலும் எனக்கே என் காதைத் திருக வேண்டும்போல் இருக்கிறது.)

தந்த இரண்டில் ஒரு சீட்டு சின்னது; சுலபம். செனட் சபைக்கான மற்றது மேசைவிரிப்பு அளவு. எழுபதுக்கு மேற்பட்ட பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் இலக்கம் போடவேண்டும். ஒன்று விட்டுப்போனாலும், ஒன்று இரண்டு தரம் வந்தாலும் சீட்டுச் செல்லாது. நான் விடைத்தாள் திருத்துவதுபோலத் தகுதி பார்த்து வரிசைப்படுத்தத் தொடங்கினேன். ஒருவரையும் தெரியாது என்பது பத்தாவது பெயரில்தான் உறைத்தது. நாற்பத்தொன்றில் பார்த்தால் இரண்டு இருபத்தாறு.

முன்மேசையில் இருந்த சிவப்புத் தாடிக்காரரிடம் போய் வேறு சீட்டுக் கேட்டேன். பழுதானதை வாங்கிக்கொண்டு புதியது தந்தார். இரண்டாவதில் கடைசிக் கட்டம் வரைக்கும் போய்விட்டேன். கட்டம் முடிந்தது, இலக்கம் பெயர்களைவிட ஒன்று கூடிவிட்டது. எங்கேயோ ஒன்றைத் தாண்டியிருக்கிறேன்! வெளியிலிருந்து இவரின் குரல் கேட்டது: “இஞ்ச, நீர் இன்னும் முடிக்கேல்லையோ?”

தாடிக்காரர் இரண்டாவது சீட்டையும் விரித்துப் பார்த்தார். “வாசலில் அட்டை தரவில்லையா?” என்று அன்பாகத்தான் கேட்டார்.

எனக்கு ரோசம் வந்துவிட்டது. “தந்தார்கள். நான் பார்த்தெழுத மாட்டேன். நான் கணக்கு ரீச்சர்.”

“அப்படியா? எந்தப் பள்ளிக்கூடம்?”

“திங்கட்கிழமை இங்கேதான் நேர்முகம்.”

அவருடைய புருவம் மெல்ல மேலே போனது. “சந்தோசம். நான்தான் இந்தப் பள்ளிக்கூடத்தின் துணை அதிபர்.”

ஐயோ! நான் எண்ணிப் பிழைவிட்ட இரண்டு தாளும் அந்த மனுசனின் கையில். நிலம் பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது. மூன்றாவது சீட்டோடு தடுப்புக்குள் போனால் எழுத்தெல்லாம் எறும்பாக ஊர்கிறது. இன்னொரு பிழை விட்டால் பிஸ்கற் மூடிதான். எனக்கு முன்னால் நின்ற யாரோ ஓர் அட்டையை அங்கேயே விட்டுப் போயிருந்தார்கள். இடம் பார்த்தேன். வலம் பார்த்தேன். முதல் பெயரிலிருந்து கடைசிப் பெயர் வரை அப்படியே பார்த்தெழுதினேன். ஒரு பிழையில்லை.

சீட்டைப் பெட்டிக்குள் போட்டபிறகுதான், கைக்குள் மடித்து வைத்திருந்த அட்டையின் தலைப்பை வாசித்தேன். அது இவரின் கட்சி. எவர்களுக்கு எதிராக மூன்று நாள் வாய் மூடி இருந்தேனோ, அவர்களுக்கே மேலிருந்து கீழ் வரை போட்டிருந்தேன்.

திங்கட்கிழமை மூன்று பேர் முன்னால் இருந்தார்கள், நடுவில் சிவப்புத் தாடி. ஒன்றிலிருந்து எழுபது வரை எண்ணச் சொல்லப் போகிறார் என்றே நினைத்தேன். அவர் மற்ற இருவரிடமும் சொன்னார்: “சனிக்கிழமை இந்த ரீச்சர் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நின்று தானே யோசித்து எழுதினார். அட்டையைத் தொடவே இல்லை. பிள்ளைகளின் சோதனை மேற்பார்வைக்கு இப்படி ஓர் ஆள்தான் நமக்கு வேண்டும்.”

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். “தாங்க் யூ, சேர்” என்றுதான் வந்தது.

வேலை கிடைத்தது. வேலையிலிருந்து இளைப்பாறும் வரை அந்தப் பள்ளிக்கூடத்துச் சோதனை மேற்பார்வையும் என் தலையில்தான். பார்த்தெழுதத் துண்டுக் கடதாசியோடு வந்து பிடிபட்டு அழுத பிள்ளைகளை முறைத்துப் பார்த்தபோதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் வியர்த்தது. இவரிடம் மட்டும் அன்றைக்கே ஒப்புக்கொண்டேன். அது நான் விட்ட நாலாவது பிழை. அதற்குப் பிறகு ஒரு தேர்தல் தவறாமல், சப்பாத்தைப் போட்டுக்கொண்டே கேட்பார்:

“ரீச்சர், இந்தமுறையும் நீர் எங்கட பக்கம்தானே? இல்லாட்டி அங்க எந்த அட்டை கிடக்குதெண்டு பார்த்துத்தான் முடிவெடுப்பீரோ?”