இரவல் வீட்டுக்காரர்

தகரக் கதவு தடாலென்று திறந்த வேகத்தில் ஓரமாக இருந்த கரி வாளி கவிழ்ந்தது. இஸ்திரி அக்கா பெட்டியைக் கையில் பிடித்தபடியே திரும்பினாள். குழுத் தலைவி மூச்சிரைக்க நின்றுகொண்டிருந்தாள்.

"கடன் கம்பெனி மேடம் வந்தாச்சு. தெருமுனை வீட்டுல போட்டோ எடுத்துக்கிட்டிருக்காங்க."

"நாளைக்குன்னுதானே சொன்னாங்க?"

"நாளைக்கு அவங்களுக்கு லீவாம். உன் வீட்டுக்காரர் எங்கன்னு கேட்டா என்ன சொல்றது?"

சொன்ன பிறகுதான் தலைவி நாக்கைக் கடித்துக்கொண்டாள். அந்தத் தெருவில் யாரும் இஸ்திரி அக்காவிடம் எடுக்காத பேச்சு அது. இரண்டு மழைக்காலத்துக்கு முன் வெளியூர் வேலைக்கென்று போனவர் அவர். முதலில் பணம் வந்தது. அப்புறம் போன் மட்டும் வந்தது. அப்புறம் எதுவும் வரவில்லை. "வந்துடுவாரு" என்று அவள் சொல்வாள். துணி போட வருகிறவர்களும் "வந்துடுவாரு" என்று தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

"கணவர் வீட்டில் இருக்கிறார் என்று விண்ணப்பத்துல எழுதினது நீங்கதானேக்கா" என்றாள் இஸ்திரி அக்கா.

"வேற என்ன எழுதச் சொல்ற? வந்துடுவாருன்னு எழுத அதுல இடம் இல்லையே."

கடன் கம்பெனியின் சட்டம் அப்படி. ஐந்து பெண்கள் சேர்ந்தால் ஒரு குழு. ஒவ்வொருத்தியும் வீட்டில் கணவரோடு நின்று போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு வீட்டில் கோளாறு என்றாலும் ஐந்து பேருக்கும் கடன் கிடையாது.

இஸ்திரி அக்காவுக்குக் கேஸ் இஸ்திரிப் பெட்டி வாங்க வேண்டும். கரிப்பொறி விழுந்து லாட்ஜ் விரிப்பில் ஓட்டை விழுந்ததும் மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார். அடுத்த மாதத்துக்குள் கேஸ் பெட்டி வராவிட்டால் விரிப்புகள் வேறு ஆளுக்குப் போய்விடும். அவள் வீட்டு அடுப்பு எரிவதே அந்த விரிப்புகளால்தான்.

தலைவி ஒரு நிமிடம் யோசித்தாள். "உனக்குச் சர்க்கரை கொடுத்திருக்கேன், குடை கொடுத்திருக்கேன். இதுவும் போகட்டும். என் வீட்டுக்காரரை அனுப்புறேன்."

"ஐயோ, அண்ணனையா?"

"திருப்பித் தந்துடணும், சொல்லிட்டேன்."

"உங்க வீட்டுக்கும் மேடம் வருவாங்களே?"

"என் வீடு கடைசி. பின் சந்து வழியா ஓடி வந்து, வேற சட்டை போட்டுக்கிட்டா ஆளே மாறிடுவாரு. அவரு முகத்தை யாரு ஞாபகம் வச்சிருக்கா? எனக்கே சில நாள் மறந்துபோகுது."

தலைவியின் வீட்டுக்காரர் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுகிறவர். வாயில்லாப் பூச்சி. பாதி ஒட்டிய டியூபைக் கையில் வைத்தபடி, பனியனோடு இழுத்துவரப்பட்டார். முழங்கை வரை கறுப்பு.

"இந்தக் கோலத்துலயா போட்டோ எடுக்கறது? ஒரு சட்டை குடு" என்ற தலைவி, ஆணியில் தொங்கிய கோடு போட்ட நீலச் சட்டையை எட்டி எடுக்கப் போனாள்.

"அது வேணாம்க்கா."

அது அவள் வீட்டுக்காரருடையது. யாரும் போடாத அந்தச் சட்டையை வாரம் ஒருமுறை அவள் தேய்த்து மாட்டுவாள். தேய்த்துத் தேய்த்தே மடிப்புகள் வெளுத்துப்போயிருந்தன. அவள் இன்னும் தேய்க்காத அடுக்கிலிருந்து மருந்துக்கடைக்காரரின் வெள்ளைச் சட்டையை எடுத்துக் கொடுத்தாள். அவர் சாயந்தரம்தான் வருவதாகச் சொல்லியிருந்தார்.

பஞ்சர்க்காரர் கடைசிப் பொத்தானைப் போடவும், மேடம் ஹெல்மெட்டோடு உள்ளே நுழையவும் சரியாக இருந்தது. சின்ன வயசுப் பெண். இந்த ஏரியாவுக்கு மாற்றலாகி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

"உட்காருங்க மேடம்" என்றாள் இஸ்திரி அக்கா. பதற்றத்தில் அடுத்ததும் வந்துவிட்டது. "அண்ணே, அந்த ஸ்டூலை எடுங்க."

"இதோ தங்கச்சி" என்று பஞ்சர்க்காரர் எடுத்துப் போட்டார்.

தலைவி இருமினாள். "அவங்க சொந்தத்துல எல்லாரும் அப்படித்தான் மேடம், ரொம்ப மரியாதை."

மேடம் சிரிக்கவில்லை. கையிலிருந்த விண்ணப்பத்தில் கணவரின் பெயரைப் படித்தாள். பஞ்சர்க்காரரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "சார், உங்க வலது கையைக் காட்டுங்க" என்றாள்.

கைரேகைக்காக்கும் என்று அவர் கட்டைவிரலை நீட்டினார். கறுப்பாக இருக்கிறதே என்று சட்டையின் முன்பக்கத்தில் நன்றாகத் துடைத்துவிட்டு, மறுபடி நீட்டினார்.

"விரல் இல்ல, மணிக்கட்டு. கழுவிட்டு வாங்க."

இஸ்திரி அக்கா தலைவியைப் பார்த்தாள். அவளுடைய வீட்டுக்காரருக்கு வலது மணிக்கட்டில் முக்கோணமாக ஒரு தழும்பு உண்டு. கல்யாணமான புதிதில், "உனக்குக் கை வலிக்கும், கொடு" என்று சுடுகிற பெட்டியைப் பிடுங்கியதில் பட்டது. பஞ்சர்க்காரர் கழுவிவிட்டு வந்து காட்டினார். கை வழவழவென்று இருந்தது. மேடம் பார்த்தாள். விண்ணப்பத்தை மறுபடி புரட்டினாள்.

அப்போது வாசலில் குரல் கேட்டது. "என் வெள்ளைச் சட்டை ஆயிடுச்சாம்மா? இப்பவே கிளம்பணும்."

மருந்துக்கடைக்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார். பஞ்சர்க்காரரைப் பார்த்தார். சட்டையைப் பார்த்தார்.

"இது என்னோடது மாதிரி இருக்கே."

"ஒரே கடையில எடுத்திருப்பீங்க" என்றாள் தலைவி.

"ஒரே கடைன்னா, என் மூக்குக்கண்ணாடி எப்படி அவரு பையில இருக்கு?"

பஞ்சர்க்காரர் பையைத் தடவிப் பார்த்தார். கண்ணாடி இருந்தது. பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். மரியாதையாகச் சட்டையைக் கழற்றி, கறுப்புக் கை அடையாளத்தோடு ஒப்படைத்துவிட்டார். "இனிமே உன்கிட்ட துணி போட்டா என்னன்னு கேளு" என்று சொல்லிவிட்டு மருந்துக்கடைக்காரர் போனார். கடன் வருவதற்கு முன்பே ஒரு வாடிக்கை போயிற்று.

"பனியனோட எடுத்தா ஆபீஸ்ல ஒத்துக்க மாட்டாங்க" என்றாள் மேடம் மெதுவாக.

தலைவி ஆணியைப் பார்த்தாள். இஸ்திரி அக்காவும் பார்த்தாள். மற்ற நான்கு வீடுகளையும் நினைத்தாளோ என்னவோ, போய் நீலச் சட்டையை எடுத்துவந்தாள். பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள்.

"வேணாம் தங்கச்சி" என்றார் பஞ்சர்க்காரர், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "எனக்குப் போட மனசு வரல."

"போட்டுக்கங்கண்ணே. சும்மாதானே தொங்குது."

தோளில் பிடித்தது, ஆனாலும் போட்டுக்கொண்டார். அவர் பக்கத்தில் போய் நின்ற இஸ்திரி அக்கா, சட்டையின் காலரை மட்டும் ஒருமுறை நீவிவிட்டாள். அதை அணிந்தவரின் முகத்தை அவள் பார்க்கவில்லை.

மேடம் போனை உயர்த்தினாள். எடுக்காமலே இறக்கினாள்.

"அடுத்து தலைவி வீடுதானே? உங்க வீட்டுக்காரரை இருக்கச் சொல்லுங்க."

"அவரு வெளியூர் போயிருக்காரு மேடம்" என்றாள் தலைவி, வேறு வழி தெரியாமல்.

"எப்ப வருவாரு?"

"இதோ, அஞ்சு நிமிஷத்துல வந்துடுவாரு மேடம்" என்றார் பஞ்சர்க்காரர்.

தலைவி தலையில் அடித்துக்கொண்டாள். "ரெண்டு பேரும் போங்க, பின்னாடியே வர்றேன்" என்றாள் மேடம். "அந்தச் சட்டையை அக்காகிட்ட கொடுத்துட்டுப் போங்க."

அவர்கள் போனதும் இஸ்திரி அக்கா சட்டையை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தப்புதான் மேடம். எனக்குக் கொடுக்காட்டிப் போகுது, மத்தவங்களுக்குக் கொடுத்துடுங்க."

"எல்லாருக்கும் கிடைக்கும். கணவர் விட்டுட்டுப் போயிட்டாருன்னு எழுதிட்டு, உங்க அம்மாவையோ கூடப் பிறந்தவங்களையோ கையெழுத்துப் போடச் சொல்லுங்க. அதுக்கு வழி இருக்கு."

"விட்டுட்டுப் போகல மேடம். வேலைக்குப் போயிருக்காரு."

"சும்மா ஒரு வார்த்தைதானேக்கா."

"நாளைக்கு வந்து நின்னா, என்னைப் பத்தி இப்படியா எழுதினேன்னு கேட்பாரே. கேஸ் பெட்டி இல்லாட்டிப் போகுது. அப்படி எழுத மாட்டேன்."

மேடம் ஹெல்மெட்டின் வாரைத் திருகிக்கொண்டே இருந்தாள். எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள்.

இஸ்திரி அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. "மேடம், அண்ணன்கிட்ட மணிக்கட்டைக் காட்டச் சொன்னீங்களே. எங்க வீட்டுக்காரருக்கு அங்க தழும்பு இருக்குன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

வாரைத் திருகிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன.

"அவரைப் பார்த்தீங்களா?" அவள் முகத்தில் விளக்கு ஏற்றியதுபோல் ஆயிற்று. "எங்க மேடம்? உடம்பு நல்லா இருக்காரா? வேளைக்குச் சாப்பிடுறாரா?"

"நல்லா இருக்காருக்கா" என்றாள் மேடம், தரையைப் பார்த்தபடி. "நான் இங்க வர்றதுக்கு முன்னாடி, பழைய ஏரியாவுல ஒரு தையல்கார அம்மா வீட்டுக்கு இதே மாதிரி போட்டோ எடுக்கப் போனேன். உங்க விண்ணப்பத்துல இருக்கிற அதே பேரு, மணிக்கட்டுல அந்தத் தழும்பு. கைக்குழந்தையைத் தூக்கி வச்சுக்கிட்டு, அங்க வீட்டுக்காரரா நின்னவரு அவருதான்."