தேன்குடத்தை ஆட்டையைப் போட்ட கதை

ஒரு காட்டில், செல்போனுக்கு டவர் எடுக்காத பக்கத்தில், பவுனு என்றொரு கீரி தேன் விற்றுப் பிள்ளைகளைக் காப்பாற்றி வந்தது. ஒருநாள் சந்தைக்குப் போகிற வழியில் ஞானப்பிரகாசம் என்கிற குள்ளநரி அதை மறித்து, கழுத்தில் கத்தியை வைத்து, தேன்குடத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது.

பவுனு அழுதுகொண்டே காட்டு ஸ்டேஷனுக்கு ஓடியது. அங்கே ரைட்டர் கரடி, வரிசையில் நின்றவர்களைக் காக்க வைத்துவிட்டு நிதானமாகப் பல் குத்திக்கொண்டிருந்தது.

"ஐயா, என் தேன்குடத்தைச் சுட்டுட்டான்யா!"

"சுட்டானா? துப்பாக்கியா வச்சிருந்தான்?"

"இல்லைங்கய்யா, கத்தி."

"கத்தியால எப்படிம்மா சுடுவான்? ஒழுங்காச் சொல்லு."

பவுனு திணறியது. "ஆட்டையப் போட்டுட்டான்யா!"

கரடி துள்ளி எழுந்தது. "ஆட்டைப் போட்டுட்டானா? அப்ப கொலைக் கேஸ்! பாடி எங்க?"

வரிசையில் நின்ற ஆடு வெலவெலத்துப்போய், "சார், நான் உயிரோடதான் இருக்கேன்" என்றது.

"நீ சும்மா இரு. அதை நாங்க விசாரிச்சுச் சொல்றோம்."

"லவட்டிட்டான்யா! அபேஸ் பண்ணிட்டான்யா!" கத்திக் கத்திப் பவுனுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

"இந்த வார்த்தையெல்லாம் சட்டத்துலயே இல்லம்மா" என்று கரடி மறுபடி உட்கார்ந்தது.

அந்த நேரம் பார்த்து நரியே உள்ளே வந்தது. தலையில் குடம், இடுப்பில் கத்தி. குடத்தை மேஜைமேல் வைத்துவிட்டுக் கைகூப்பியது.

"வணக்கம் ஐயா. இந்த அம்மையார் மனமுவந்து எனக்கு இதனை அன்பளிப்பாக வழங்கினார். தாங்களும் சிறிது சுவைக்க வேண்டும்."

கரடிக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தியாம்மா? இது பேச்சு! ஒரு வார்த்தையாவது புரியாமப் போச்சா?" என்றபடியே குடத்துக்குள் கையை விட்டது. நரியும் விட்டது.

இரண்டும் விரல் நக்குவதைப் பவுனு பார்த்தது. பிறகு நரியின் இடுப்பிலிருந்த கத்தியைச் சத்தமில்லாமல் உருவி, கரடியின் மூக்கில் வைத்துத் தொண்டையைச் செருமியது.

"பெருமதிப்பிற்குரிய ஐயா, இக்குடத்தையும் தங்கள் தொப்பியையும் எனக்கு அன்பளிப்பாக வழங்கத் திருவுளம் கொள்வீர்களா?"

"கொடுத்துட்டோம்மா, கொடுத்துட்டோம்!" என்று கரடி அலறியது.

"வழங்கினோம்" என்று நரி திருத்தியது.

பவுனு தொப்பியை மாட்டிக்கொண்டு, குடத்தை இடுப்பில் தூக்கிவைத்து வெளியே நடந்தது. ஆடு மூச்சிரைக்க அதன் பின்னாலேயே ஓடிவந்தது.

"அக்கா, அக்கா! அந்த 'திருவுளம்' எப்படிச் சொல்றதுன்னு எனக்கும் கொஞ்சம் சொல்லிக்கொடுங்கக்கா!"

நீதி: கத்தியைக் காட்டிப் பிடுங்கும்போது 'தாங்கள்' என்று சொல்லிப் பிடுங்க வேண்டும். இல்லாவிட்டால் அதற்குப் பெயர் கொள்ளை.