விளக்கு ஊரா, பாலத்து ஊரா?

“சரியாச் சொல்லு. ஒண்ணு தெளிவா இருக்கா, ரெண்டு தெளிவா இருக்கா?”

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் இந்தக் கேள்வியை இருபத்தாறு வருஷமாகக் கேட்டுவருகிறார். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களும் ஒன்று என்றோ இரண்டு என்றோ சொல்லிவிட்டுக் கண்ணாடியோடு வீட்டுக்குப் போய்விடுவார்கள். இன்று அந்த நாற்காலியில் அவருடைய மகள் உட்கார்ந்திருந்தாள். அவள் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. முடிவெடுப்பதில்தான் கோளாறு.

“ரெண்டுமே தெளிவாத்தான்பா இருக்கு,” என்றாள்.

கடல் உயிரியல் படிக்க அவளுக்கு இரண்டு பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்திருந்தது. இரண்டும் கடலோரத்துச் சின்ன ஊர்கள். ஒன்று வடக்கே மூன்று மணி நேரப் பயணம்; குன்றின் உச்சியில் ஒரு கலங்கரை விளக்கம் உண்டு. மற்றது தெற்கே மூன்று மணி நேரம். ஆறு கடலில் கலக்குமிடத்தில் பழைய கல்பாலம் உண்டு. வீட்டில் அவற்றுக்கு விளக்கு ஊர், பாலத்து ஊர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. பதில் அனுப்பப் பத்து நாள் அவகாசம்.

“உங்களுக்கு எதுப்பா பிடிச்சிருக்கு?” என்று கேட்டாள் மகள்.

கடைக்காரர் உஷாரானார். அவர் நீலச் சட்டை என்றால் அவள் மஞ்சளை எடுப்பாள். கணக்குப் படி என்றார், உயிரியல் படித்தாள். பூனை மட்டும் வேண்டாம் என்றார், மறுநாளே பூனை வந்துவிட்டது. அதனால் மனதில் இருப்பதை அவர் வாய்விட்டுச் சொல்வதேயில்லை.

மனதில் இருந்ததோ பாலத்து ஊர். அதற்கு ஒரு ரகசியக் காரணமும் இருந்தது. மகள் எங்கே படிக்கிறாளோ அங்கேயே கடையோடு குடிபோய்விடுவது என்று அவரும் மனைவியும் எப்போதோ பேசி முடித்துவிட்டார்கள். ஒரே பெண். எப்படி விட்டுவிட்டு இருப்பது? பள்ளிச் சுற்றுலாவின்போதே பஸ்ஸுக்குப் பின்னால் ஸ்கூட்டரில் போய், “தற்செயலா இந்தப் பக்கம் வந்தேன்” என்று அணைக்கட்டில் வந்து நின்றவர் அவர். குடிபோகும் விஷயத்தை மட்டும் கடைசியில் சொல்லி மகளை ஆச்சரியப்படுத்துவதாகத் திட்டம்.

பாலத்து ஊர் சமதரை. அவர் முழங்காலுக்கு ஒத்துவரும். போதாக்குறைக்கு அங்கே ஓய்வுபெற்றவர்கள் அதிகம். வயதானவர்கள் என்றால் வெள்ளெழுத்து. வெள்ளெழுத்து என்றால் கண்ணாடி.

“எனக்கு என்னமோ விளக்கு ஊர்தான் பிடிச்சிருக்கு,” என்று அழுத்திச் சொன்னார்.

மகள் ஒரு கணம் அவரையே பார்த்தாள். “அப்படியா? அப்ப நேர்ல போயே பாத்துடலாம்பா. அம்மாவும் வரட்டும்.”

ஒரு பேச்சுக்குச் சொன்னது, பிரயாணமாக வந்து விடிந்தது.

விளக்கு ஊரில் தெரு என்று எதுவும் இல்லை, படிக்கட்டுகள்தான் இருந்தன. பஸ் நிலையத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்கு நூற்று எண்பது படி. எண்ணியது கடைக்காரரின் முழங்கால். ஊர் முழுக்க இளவட்டம். டீக்கடைக்கு டீக்கடை நாலு பேர் மேஜையைத் தட்டி எதையோ வாதாடிக்கொண்டிருந்தார்கள். பழைய புத்தகக் கடைகள் வரிசையாக இருந்தன. சுவரெல்லாம் நாடகம், கச்சேரி, கண்டனக் கூட்டம் என்று ஒன்றன்மேல் ஒன்றாக நோட்டீஸ்கள். எல்லாவற்றுக்கும் மேலே காற்று. அது மனைவியின் குடையை மல்லாத்திப்போட்டது. அடுத்ததாக அவர் தொப்பியைத் தூக்கிக்கொண்டு கடல் பக்கமாகப் போயே போய்விட்டது.

“ஏங்க, இது ஊரா, ஊஞ்சலா?” என்றாள் மனைவி, ஒரு விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு.

“சும்மா இரு. அருமையான காத்து!” என்று மூச்சிரைத்தபடி சொன்னார் கடைக்காரர்.

“முழங்கால் வலிக்குதாப்பா?” மகள் கரிசனமாகக் கேட்டாள்.

“வலியா? ஏற ஏற இளமை திரும்புது. இந்த மாதிரி ஊர்ல காலம் முழுக்க இருக்கலாம்!”

மகளின் முகம் சட்டென்று வாடியது. அதைக் கடைக்காரர் ஓரக்கண்ணால் கவனித்துக்கொண்டார். பலே! மருந்து வேலை செய்கிறது. இன்னும் ஒரு வேளை கொடுத்தால் விளக்கு ஊர் காலி என்று நினைத்தவர், யாரும் கேட்காமலேயே கலங்கரை விளக்கத்தின் உச்சிக்கும் ஏறினார். இறங்கும்போது இரண்டு மாணவர்கள் கைத்தாங்கலாக அழைத்துவந்தார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாலத்து ஊர்.

இறங்கியதுமே ஊர் அவரை மடியில் போட்டுக்கொண்டது. ஆறு அவசரமில்லாமல் கடலுக்குள் போய்க்கொண்டிருந்தது. கரை நெடுக நிழலும் நிழலுக்கு ஒரு பெஞ்சும் இருந்தன. சைக்கிளில் போன பேராசிரியர் ஒருவர் முன்பின் தெரியாத இவர்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். மாணவர்கள்கூட மெதுவாகத்தான் பேசினார்கள். மீன் சந்தையில் மனைவி பேரம் பேச வாயைத் திறப்பதற்குள் மீன்காரரே விலையைக் குறைத்துவிட்டார். எதிரே வந்த பத்துப் பேரில் ஏழு பேர் கண்ணாடி போட்டிருந்தார்கள். அதில் மூன்று கண்ணாடிகளுக்குக் காதில் மாட்டும் கம்பி ஒன்று சரியில்லை.

ஊரைக் குறை சொல்லும் தீர்மானத்தோடுதான் கடைக்காரர் வந்திருந்தார். ஆனால் பெஞ்சில் உட்கார்ந்தவர் அப்படியே தூங்கிப்போனார். அரை மணி நேரம் கழித்துக் கண் விழித்தபோது முகத்தில் புன்னகை இருந்தது. மகள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஊர் பிடிச்சிருக்கா அப்பா?” அவள் குரலில் அத்தனை ஆசை.

கையும் களவுமாக அகப்பட்டவர்போல் அவர் விழித்தார். “சேச்சே! ஒரே மந்தம். தூக்கம்தான் வருது. எனக்கு விளக்கு ஊர்தான்.”

மகள் முகம் மறுபடி வாடியது. கடைக்காரருக்குள் மத்தாப்புப் பூத்தது. பெண்ணுக்கு இந்த ஊர் பிடித்துவிட்டது! இல்லாவிட்டால் நாம் குறை சொன்னதற்கு எதற்காக முகம் வாட வேண்டும்?

“சரி, பஸ்ஸுக்கு நேரமிருக்கு. இந்தத் தெரு வழியாப் போலாம்பா,” என்று மகள் முன்னால் நடந்தாள்.

அந்தத் தெருவில், ஆற்றைப் பார்த்தாற்போல் ஒரு வீடு. கீழே கடை வைக்கத் தோதாக ஓர் அறை, மேலே குடியிருக்க மூன்று அறை. கதவில் ‘வாடகைக்கு’ என்ற அட்டை. மகள் செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டே நிற்க, மனைவி கணவரின் இடுப்பில் இடித்தாள். அவரும் அட்டையிலிருந்த வீட்டுக்காரம்மாவின் தொலைபேசி எண்ணைச் சட்டைக் கையின் உள்பக்கம் எழுதிக்கொண்டார்.

மறுநாள் கடையிலிருந்து ரகசியமாகப் பேசினார். படகுத்துறையில் டிக்கெட் கொடுத்து ஓய்வுபெற்றவர் அந்த அம்மா. படகு இன்ஜினைத் தாண்டிப் பேசிப் பழகிய குரல்.

“வேற ஒருத்தரும் கேக்குறாங்க சார்! நாளைக்குள்ள சொன்னாத்தான் உண்டு!”

“நாளைக்குள்ளயா? எங்க வீட்டுல ஒரு முடிவு இன்னும்...”

“நல்ல வீடு காத்துக்கிட்டு இருக்காது சார்!”

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் போய் மூன்று வருஷத்துக்கு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். திரும்பும் வழியில்தான் உறைத்தது. வீடு பாலத்து ஊரில். மகளிடம் பத்து நாளாகப் புகழ்ந்ததோ விளக்கு ஊரை. இந்த ஒரு தடவை அவள் அப்பா பேச்சைக் கேட்டுத் தொலைத்தால்?

வீட்டுக்குள் நுழையும்போதே அவள் மேஜையில் பதில் படிவத்தை விரித்துவைத்திருந்தாள்.

“பாப்பா, ஒரு நிமிஷம். நான் யோசிச்சுப் பாத்தேன். பாலத்து ஊரும் ஒண்ணும் மோசமில்ல.”

“மந்தமா இருக்குன்னு சொன்னீங்களே?”

“மந்தம்னா... படிக்கிறதுக்கு மந்தம்தான நல்லது?”

“காத்தே இல்லன்னீங்க.”

“அதை நான் எப்ப சொன்னேன்?”

“அம்மா, அப்பா சொன்னாருல்ல?”

“அவரு நெறையச் சொன்னாரு,” என்றாள் மனைவி. அவளுக்குப் பொறுமை போய்விட்டது. “ஏங்க, எதுக்கு இந்தச் சுத்தல்? பொண்ணுகிட்ட உடைச்சுத்தான் சொல்லுங்களேன். பாலத்து ஊர்ல வீடு எடுத்தாச்சு கண்ணு. கடையையும் அங்க மாத்துறோம். உங்கூடவே வந்து இருக்கப்போறோம்.”

கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். இதோ, பெண் இப்போது வெடிக்கப்போகிறாள்.

“நெஜமாவாப்பா?” மகள் எழுந்து நின்றாள். “கையெழுத்துப் போட்டாச்சா?”

“ஆச்சு.”

“எத்தனை வருஷத்துக்கு?”

“மூணு,” என்றார் ஈனக்குரலில்.

“இனிமே மாத்த முடியாதே?”

“முடியாதும்மா. அவசரப்பட்டுட்டேன், என்னை...”

மகள் ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. “அப்பா, உங்களுக்கு அந்த ஊர்தான் சரி. நீங்க பெஞ்சுல தூங்கினப்பவே நெனைச்சேன். நான் இப்பவே பதில் அனுப்பிடுறேன்!”

அவள் உள்ளே போனதும் கடைக்காரர் மூக்கை உறிஞ்சினார். “பாத்தியா? நாம வர்றோம்னு கேட்டதும் பிள்ளைக்கு எவ்வளவு சந்தோஷம்! நான் வீணாப் பயந்துட்டேன்.”

“உங்களுக்கு எப்பவும் பயம்தான்,” என்றாள் மனைவி, அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

ஒரு மாதம் கழித்து, சாமான் வண்டி கல்பாலத்தைத் தாண்டி அந்த வீட்டு வாசலில் வந்து நின்றது. கண் பரிசோதிக்கும் நாற்காலி முதலில் இறங்கியது. மனைவி எந்த ஜன்னலில் எந்தத் திரை என்று ஆரம்பித்துவிட்டாள். மகள் பம்பரமாகச் சுழன்று வேலை செய்தாள். கண்ணாடிப் பெட்டிகளை அடுக்கினாள். அப்பாவுக்குப் பெஞ்சிருக்கும் பக்கத்து ஜன்னலைத் திறந்துவிட்டாள். தன் பெட்டியை மட்டும் பிரிக்காமல் வாசலோரமாக வைத்திருந்தாள்.

“அதையும் மாடிக்குக் கொண்டுபோயிடட்டுமா கண்ணு?” என்றார் கடைக்காரர்.

“இருக்கட்டும்பா, அப்புறம் பாத்துக்கலாம்.”

கடைக்காரர் வாசலில் நின்று ஆற்றைப் பார்த்தார். எதிரே போன பெரியவர் ஒருவர் செய்தித்தாளைக் கை நீளத்துக்குத் தள்ளிவைத்து வாசித்துக்கொண்டு போனார். மனம் நிறைந்துவிட்டது. பெண்ணும் பக்கத்தில், பிழைப்பும் பக்கத்தில், கடலும் பக்கத்தில். இதைவிட ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும்?

அப்போது வீட்டுக்காரம்மா சாவிக்கொத்தோடு வந்து சேர்ந்தார். கடைக்காரருக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டு, நேரே மகளிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டார். ரகசியம் பேசுவதாக நினைத்து அவர் பேசியது பாலம் வரைக்கும் கேட்டது:

“நீ சொல்லிக்குடுத்த மாதிரியே ‘வேற ஒருத்தரும் கேக்குறாங்க’ன்னு ஒரு போடு போட்டேன் கண்ணு, அப்பா மறுநாளே ஓடிவந்துட்டாரு, ஆமா, விளக்கு ஊர்ல உனக்கு ஹாஸ்டல் கெடைச்சுதா?”